கறுப்புக் கண்ணாடி போட்ட பாரை

எண்பத்தோராம் ஆண்டு மாசி மாதம் முல்லைத்தீவுப் பகுதியில் மனிதர்களுக்குக் கண் சிவந்தது. இதில் அரசாங்கத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. அரசாங்கம் பிறகுதான் வந்தது.

முதலில் கரையோரத்தில் நாலு வீட்டில் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் வந்ததும் நாற்பது வீட்டில் சிவந்தது. அடுத்த கிழமை வயல் பக்கமும் சிவந்தது. காலையில் எழும்பினால் இமை இரண்டும் பசை பூசியதுபோல் ஒட்டியிருக்கும். சுடுதண்ணீரில் துணி நனைத்து ஒற்றிப் பிரித்தால் உள்ளே செவ்வரத்தம்பூ. ஐந்தாறு நாளில் தானாக மாறிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தானாக மாறுகிற நோயை யார் மதிப்பார்கள்? சனம் நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிக் கண்ணில் விட்டது. பிள்ளை பெற்ற வீடுகளில் தாய்ப்பாலுக்குச் சிரட்டையோடு நின்றது. கடைசியில் கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டது.

கண்ணாடி வந்த பிறகுதான் நோய்க்கு ஒரு அந்தஸ்து வந்தது. நோய் வந்தவர்கள் அதை மறைக்கப் போட்டார்கள். வராதவர்கள், தங்களை மட்டும் நோய் எண்ணாமல் விட்டதை மறைக்கப் போட்டார்கள். ஒரு கலியாணத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் கண்ணாடியோடு மணவறையில் இருக்க, தாலியைத் தோழிக்குக் கட்டப் போன மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குருக்கள் திருப்பிவிட்டார். குருக்களும் கண்ணாடிதான் போட்டிருந்தார். ஆனால் அவருக்கு அது பழகின இடம்.

யாகப்புக்குக் கண் சிவக்கவில்லை. அவருக்கு வந்தது வேறு.

முல்லைத்தீவுக் கரையில் மீன் எடுத்து, சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி, முள்ளியவளைப் பக்கம் கொண்டுபோவது அவருடைய தொழில். பெரும் பங்கு பேச்சியம்மா வயலுக்குப் போகும். பேச்சியம்மாவும் புருஷன் சங்கிலியும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டி வயலாக்கிய சனம். அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை, முடியும் வரைக்கும் யாகப்பு ஒவ்வொரு நாளும் ஒரு பெட்டி மீன் கொடுப்பது, வெட்டு முடிந்ததும் பேச்சியம்மா நாலு மூடை நெல் கொடுப்பது என்று பேச்சு. நாலு மூடை நெல் என்றால் யாகப்பு வீட்டில் ஐப்பசி வரைக்கும் சோறு. பேச்சியம்மாவுக்கும் மீன் இல்லாமல் சரிவராது. அந்தப் பக்கத்து வெட்டுக்காரருக்கு ஒரு நியமம் உண்டு: மத்தியானச் சோற்றோடு மீன்கறி வராத வயலில் மறுநாள் அவர்களுடைய அரிவாள் விழாது. தங்கராசா என்பவர் தலைமையில் பன்னிரண்டு பேர் வயலில் இறங்கியிருந்தார்கள். சங்கிலி கண் இரண்டும் ஒட்டிப் படுக்கையில் கிடந்தார்.

இந்த நிலையில்தான், கண்நோய்ப் பரவல் தடுப்பு விசேட செயலகம் என்று ஒன்று கடலுக்கும் வயலுக்கும் நடுவில், ஒரு பாலைமரத்தின் கீழ், மங்களகரமாகத் திறந்துவைக்கப்பட்டது. ஓலைக் கொட்டில் ஒன்று, மேசை ஒன்று, தட்டச்சுப் பொறி ஒன்று, அதைத் தட்ட அருந்ததி என்ற பிள்ளை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே விசேட அலுவலர் திரு. வீரகத்தி. அவர் முன்பு எங்கேயோ தராசுகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவர். நேர்மையான மனிதர். ஒரு சதம் வாங்கமாட்டார். அதுதான் பிரச்சினை. வாங்குகிறவராக இருந்தால் ஊர் தப்பியிருக்கும்.

கண்நோய் பார்த்தால் தொற்றும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விசயம். வீரகத்தியும் ஊரில் பிறந்தவர்தான். ஆகவே முதலாம் சுற்றுநிருபம் இப்படி வந்தது:

"கரையோரப் பிரிவினரும் வயற்புறப் பிரிவினரும் ஒருவரையொருவர் நோக்குதல், உற்றுநோக்குதல், ஓரக்கண்ணால் நோக்குதல் ஆகியன இத்தால் தடைசெய்யப்படுகின்றன. தற்செயலாக நோக்க நேர்ந்தோர் அதுபற்றி இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் எழுத்தில் அறிவித்தல் வேண்டும்."

பாலைமரத்துக்கும் எதிரேயிருந்த தந்திக் கம்பத்துக்கும் நடுவில் சாக்குகளைத் தைத்து ஒரு திரை கட்டப்பட்டது. திரைக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி. அதில் ஒரு பலகை. இந்தப் பக்கத்திலிருந்து மீன் தள்ள வேண்டும். அந்தப் பக்கத்தில் வாங்க வேண்டும். இதற்குப் "பார்வையற்ற பரிமாற்று நிலையம்" என்று பெயர்ப்பலகையும் போட்டார்கள். இரண்டு பக்கத்தாருக்கும் கண் தெரியாதோ என்று நினைத்து, வழியால் போன ஒரு பாதிரியார் செபம் சொல்லிவிட்டுப் போனார்.

"பேச்சியம்மா, நிக்கிறீரோ?" என்றார் யாகப்பு திரையைப் பார்த்து.

"நிக்கிறேன் அண்ணே. தள்ளுங்க."

"சங்கிலிக்கு எப்பிடி?"

"ஒரு கண்ணு தொறந்துருச்சு. திட்டத் தொடங்கிட்டாரு. சொகமாயிடும்."

மூன்று நாள் ஒரு குறையும் இல்லாமல் போனது. நாலாம் நாள் வீரகத்தி மேசையிலிருந்து தலையைத் தூக்கியபோது, கரையோரப் பிரிவைச் சேர்ந்த ஒரு பாரைமீன், பலகையில் படுத்தபடி, வயற்புறப் பிரிவை வெறித்துப் பார்த்துக்கொண்டு திரைக்குக் கீழால் போவதைக் கண்டார்.

அன்று பின்னேரமே இரண்டாம் சுற்றுநிருபம் வந்தது. மீனுக்கும் கண் உண்டு என்பது செயலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. ஒவ்வொரு மீனின் கண்ணும் பரிசோதிக்கப்படும். கண் சிவந்த மீன் புதைக்கப்படும். ஒரு மீனுக்கு ஒரு படிவம், ஒரு படிவத்துக்கு ஐந்து பிரதி.

மறுநாள் விடிய ஏழு மணிக்கு யாகப்பு முப்பத்திரண்டு பாரையோடு போனார். செயலகம் ஒன்பதுக்குத் திறந்தது. அருந்ததி காபன் தாள்களை அடுக்கி, தட்டத் தொடங்கினாள். மீனின் பெயர், மீனின் தகப்பன் பெயர், நிரந்தர முகவரி. வெயில் ஏறியது. முப்பத்திரண்டாவது படிவம் முடியும்போது மணி ஒன்று. வீரகத்தி எழும்பி வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தார். பார்த்தவர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"யாகப்பு, முப்பத்திரண்டுக்கும் கண் சிவந்திருக்கு."

"ஐயா, காலமை வரேக்கை பளிங்கு மாதிரி இருந்தது."

"அப்ப இஞ்சை வந்த பிறகு தொற்றியிருக்கு."

"தொற்றேல்லை ஐயா. செத்த மீன் வெயிலிலை ஆறு மணித்தியாலம் கிடந்தால் கண் சிவக்கும்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். எவ்வளவு வேகமாய்ப் பரவுது பாத்தீரோ. ஒரு மீன் தப்பேல்லை."

முப்பத்திரண்டும் இலக்கமிட்டுப் புதைக்கப்பட்டன. ஊர் நாய்கள் அவற்றை இலக்க ஒழுங்கில்லாமல் தோண்டி எடுத்தன. அன்று தங்கராசாவின் ஆட்கள் பருப்போடு சாப்பிட்டார்கள். பருப்பைத் தின்றுவிட்டுத் தங்கராசா அரிவாளைத் துடைத்த விதம் தனக்குப் பிடிக்கவில்லை என்று பேச்சியம்மா திரைக்குப் பின்னாலிருந்து சொன்னாள்.

கடற்கரை வியாபாரி எந்தக் காற்றுக்கும் ஒரு பாய் வைத்திருப்பான். அடுத்த நாள் யாகப்பு தலை வெட்டிய மீன் கொண்டுபோனார்.

"தலை எங்கை?" என்றார் வீரகத்தி.

"வீட்டிலை, ஐயா."

"கண்?"

"தலையோடை."

"அப்ப கண் சிவந்ததோ இல்லையோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

"சிவக்கிறதுக்குக் கண் இல்லையே ஐயா. சுத்தம்."

வீரகத்தி யோசித்தார். நியாயம் இருப்பதாகப் பட்டது. நியாயம் இருக்கிற இடத்தில் படிவமும் இருக்க வேண்டும். "கண் இல்லாமை பிறவியிலையா, இடையிலையா?"

"இடையிலை."

"அப்பிடியெண்டால் அது விபத்து. விபத்துக்கு வேறை படிவம். பாதிக்கப்பட்டவர் கீழே ஒப்பம் வைக்க வேணும்."

யாகப்பு பெட்டியைப் பார்த்தார். ஒப்பம் வைக்கக்கூடிய நிலையில் ஒருவரும் இல்லை.

அன்றும் வயலில் பருப்புத்தான், அரிவாள் விழவில்லை. மூன்றாம் முயற்சி நண்டு. நந்திக்கடல் நண்டின் கண் கறுப்பு, செத்தாலும் சிவக்காது. வீரகத்திக்கு அது மிகவும் பிடித்துப்போனது. ஆனால் நண்டின் கண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே நேரத்தில் கரையோரத்தையும் வயற்புறத்தையும் பார்க்கிறது. ஆகவே ஒவ்வொரு நண்டுக்கும் செயலகத்துக் கோவைகளைக் கட்டுகிற நாடாவால் கண் கட்டி அனுப்பும்படி பணித்தார். அருந்ததி பதினொரு நண்டுக்குக் கட்டினாள். பன்னிரண்டாவது அவளுடைய விரலைப் பிடித்தது. அவளுக்கு அரை நாள் லீவு. அந்த லீவுக்கு ஐந்து பிரதி, ஒற்றைக் கையால்.

மறுநாள் திரைக்குப் பின்னால் பேச்சியம்மாவின் குரல் கலங்கியிருந்தது.

"அண்ணே, நண்டு வேணாம்ணே. பன்னெண்டு பேரும் கால ஒடைச்சு ஒடைச்சு உறிஞ்சுறாங்க. மூணு மணி வரைக்கும் ஒருத்தன் எந்திரிக்கல. நெல்லு முத்திக் கொட்டுது. நாளைக்கு மீன் வரலேன்னா பரந்தனுக்குப் போயிடுவோம்னு தங்கராசா சொல்லிட்டாரு. அவுங்க போனா எனக்கு நெல்லு இல்ல."

அவளுக்கு நெல் இல்லையென்றால் யாகப்புக்கும் இல்லை. அது திரைக்கு இரண்டு பக்கத்திலும் தெரிந்தே இருந்தது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை எடுத்தபோதுதான் கவனித்தார். போகிற வருகிற எல்லாருடைய கண்ணையும் இழுத்துப் பார்க்கிற வீரகத்தி, கறுப்புக் கண்ணாடியோடு போன ஒருவரை ஒன்றும் செய்யாமல் அனுப்பினார்.

"ஏன் ஐயா அவரைப் பாக்கேல்லை?"

"முதலாம் சுற்றுநிருபம், ஏழாம் பந்தி. கறுப்புக் கண்ணாடி போட்டால் பரிசோதனை இல்லை. கண்ணாடிக்குள்ளாலை ஒண்டும் தெரியாதே. தெரியாததை எப்பிடிப் பரிசோதிக்கிறது?"

"அவருக்கு வருத்தம் இருந்தால்?"

"அதுதான் கண்ணாடி போட்டிருக்கே."

யாகப்பு மேசைக்குக் கீழே பார்த்தார். அருந்ததி பாவித்துக் கழித்த காபன் தாள்கள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. கறுப்பாக, பளபளவென்று.

"பிள்ளை, இந்தக் குப்பையை நான் கொண்டுபோய் எறியட்டோ?"

"புண்ணியமாய்ப் போகும் அண்ணை," என்றாள் அவள்.

வீட்டில் யாகப்பு காபனை விரிக்க, மார்கிறட் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள். யாகப்புவின் பெண்சாதி; பதினெட்டு வருசமாக அவருடைய யோசனைகளோடு குடித்தனம் நடத்துகிறவள்.

"மீனுக்குக் கண்ணாடி போடுறதெண்டால் காதிலை எல்லோ கொழுவ வேணும்," என்றார் யாகப்பு. "அதுக்குத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

"ஈரத்திலை ஒட்டும்," என்றாள் மார்கிறட். "காதில்லாட்டி என்ன? கேக்கவோ போகுது?"

மறுநாள் காலை யாகப்பு பெட்டியைத் திறந்தார். முப்பத்திரண்டு பாரைகள், முப்பத்திரண்டு கறுப்புக் கண்ணாடிகள். மதகுக் கட்டில் குந்தியிருக்கிற இளந்தாரிமார் கூட்டம் போல ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தன. வீரகத்தி தன் மூக்குக்கண்ணாடிக்குள்ளால் அவற்றைப் பார்த்தார். அவை தங்கள் கண்ணாடிக்குள்ளால் அவரைப் பார்த்தன. நெடுநேரம் ஒருவரும் அசையவில்லை. பிறகு வீரகத்தி ஏழாம் பந்தியை எடுத்து, விரல் வைத்து, இரண்டு தரம் வாசித்தார்.

"விடுங்கோ," என்றார். "இந்த ஊரிலை சுற்றுநிருபத்தை மதிச்சு நடக்கிறது இதுகள் மட்டுந்தான்."

மணி பத்துக்கு முன்னம் மீன் வயலுக்குப் போனது. காபன் மை குழம்பில் கொஞ்சம் இறங்கியது. பன்னிரண்டு பேருக்கும் நாவற்பழம் தின்றதுபோல் வாய் நீலம். ஆனால் தங்கராசா இரண்டாம் தரம் கறி கேட்டார். அரிவாள் விழுந்தது. நெல் சாய்ந்தது.

இத்தோடு விசயம் முடிந்திருந்தால் இது வெறும் சாமர்த்தியம். ஆனால் பக்கத்து வயல்காரி அழகம்மா தன்னுடைய வேலியால் எட்டிப் பார்த்து, "உங்கடை மீனுக்கு மட்டும் என்ன கண்ணாடி போட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். அவளுக்கும் கண்ணாடி போட்ட மீன் வேண்டும். அடுத்தவளுக்கும் வேண்டும். ஒரு கிழமைக்குள், கண்ணாடி போடாத மீனைக் கண்டால் "இது எந்தக் காலத்து மீன்?" என்று முள்ளியவளையில் முகத்தைத் திருப்பினார்கள். நீல வாய் இல்லாதவனை, பாவம், வசதியில்லாத வீட்டுப் பிள்ளை என்றார்கள். நீல வாய் காட்டுவதற்காகச் சிலர் தேவையில்லாமல் சிரித்துத் திரிந்தார்கள்.

கரையில் எல்லா வியாபாரியும் கண்ணாடி வெட்டத் தொடங்கினார்கள். பாரைக்குப் பெரிய வட்டம், திரளிக்குச் சின்ன வட்டம், விலாங்குக்கு வளைந்தது. சூடைக்கு எந்த அளவும் பொருந்தவில்லை. சூடை நாகரிகம் இல்லாத மீனாகப் போய்விட்டது.

தட்டுப்பாடு காபனுக்கு வந்தது. செயலகம் படிவம் தட்டினால்தான் காபன் கழியும். காபன் கழிந்தால்தான் மீனுக்குக் கண்ணாடி. மீன் போனால்தான் நெல். ஆகவே கரையோரச் சனம் செயலகத்துக்கு முன்னால் வரிசையில் நின்று எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கத் தொடங்கியது. சைக்கிளுக்கு அனுமதி. சைக்கிள் மணிக்குத் தனி அனுமதி. கடலைப் பார்க்க அனுமதி. ஒருவர், தான் இதுவரை அனுமதி ஒன்றும் கேட்காமல் இருந்ததற்கு அனுமதி கேட்டார். எல்லாம் ஐந்து பிரதி. வீரகத்தி மேலிடத்துக்கு எழுதினார்: "ஆரம்பத்தில் காணப்பட்ட தயக்கம் நீங்கி, பொதுமக்கள் பூரண ஒத்துழைப்பு நல்கி வருகின்றனர்." எழுதிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அது நோய் அல்ல.

வெட்டு முடிய நாலு நாள் இருக்கும்போது வாடைக்காற்று தூக்கியது, மீன் குறைந்தது. யாகப்புவிடம் முதல்நாள் மிஞ்சிய பாரை பத்துக் கிடந்தது. மீன் வாங்குகிறவள் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள். உலகத்தில் எந்தக் கரையிலும் அதுதான் வழக்கம். இப்போது கண் இருந்த இடத்தில் காபன் இருந்தது. அவர் பத்தையும் பெட்டிக்குள் போட்டார்.

திரைக்கு அப்பாலிருந்து பேச்சியம்மா, "இன்னைக்கு மீனு ரொம்ப நல்லாருக்குண்ணே," என்றாள். "கண்ணாடி என்னமா மின்னுது."

யாகப்பு வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாய்க்கால் வரைக்கும் வருத்தப்பட்டார். வாய்க்கால் தாண்டியதும் சரியாகிவிட்டது. அடுத்த நாள் இரண்டு நாள் பழைய மீன். அதற்கடுத்த நாள், மார்கிறட் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடி ஒட்டினாள்.

"இது பாவமில்லையோ?" என்றாள். "அதுவும் தபசு காலத்திலை."

"நான் ஒண்டும் மறைக்கேல்லை, மார்கிறட். கண்ணாடி போடச் சொன்னது சுற்றுநிருபம்."

சுற்றுநிருபம் அப்படிச் சொல்லவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னதும் ஒரு நிம்மதி வந்தது.

வெட்டு முடிந்தது. கதிரைச் சூடடித்து, பேச்சியம்மா சொன்ன வாக்குத் தவறாமல் நாலு மூடை நெல்லை, வாய் தைத்து, திரைக்குக் கீழால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள். "எண்ணிக்கங்கண்ணே." நாலும் சரி. யாகப்பு வண்டி பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மார்கிறட் முதல் மூடையின் தையலைப் பிரித்தாள். மேலே ஒரு முழத்துக்குப் பொன் மாதிரிப் புதுநெல். அதற்குக் கீழே பதர். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதைப் பிரிக்காமல், ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

"ஐப்பசி வரைக்கும் எண்டியள்," என்றாள். "சித்திரை வரைக்குந்தான் காணும்."

"கள்ளி," என்றார் யாகப்பு. "நாலு வருசம் பழகின பொம்பிளை. நாளைக்கு நான் அந்தத் திரையைக் கிழிச்செண்டாலும் அவவின்ரை முகத்தைப் பாத்துக் கேக்கிறன்."

"கேளுங்கோ," என்றாள் மார்கிறட். "அவவும் மூக்குள்ள மனிசிதானே. உங்கடை மீனைப் பற்றிக் கேப்பா."

யாகப்பு அன்று சோறு தின்னவில்லை.

மறுநாள் காலை அவர் பாலைமரத்தடிக்குப் போனபோது, திரைக்கு அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது கேட்டது.

"பேச்சியம்மாவோ?"

"நான்தான். உங்களத்தான் பாக்கணும்னு வந்தேன். எங்க ஆளுங்க மூணு பேரு வயித்தால போயி..." அவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள். "நெல்லு பிரிச்சீங்களா அண்ணே?"

"இன்னும் இல்லை," என்றார் யாகப்பு.

அப்போது வீரகத்தி கொட்டிலிலிருந்து வெளியே வந்தார். கையில் ஒரு கடிதம், முகத்தில் துக்கம். "எல்லாரும் கேளுங்கோ. பத்து நாளாய் இந்தப் பகுதியிலை ஒருத்தருக்கும் கண் சிவக்கேல்லை. செயலகத்தை மூடச்சொல்லி மேலிடத்து உத்தரவு. இப்ப இந்தத் திரையைக் கழட்டப்போறம். இனி நீங்கள் ஒருவரையொருவர் தாராளமாய்ப் பாக்கலாம்."

அருந்ததி பாலைமரத்துப் பக்கம் போய் முடிச்சில் கை வைத்தாள். சாக்கு கொஞ்சம் தளர்ந்து, ஓரமாக ஒரு சாண் விலகியது. யாகப்புக்கு அந்தச் சாணளவு இடத்தில் ஒரு சேலைத் தலைப்புத் தெரிந்தது. அது உடனே பின்னுக்குப் போனது. அவரும் பின்னுக்குத்தான் போயிருந்தார்.

"அவசரப்படாதேங்கோ, ஐயா," என்றார் யாகப்பு.

"ஆமாங்க, என்னா அவசரம்," என்றது திரை.

"வருத்தம் திரும்பி வந்தாலும் வரும். நாங்கள் ஒரு மனு எழுதித் தாறம். கரையிலை அவ்வளவு சனமும் கையெழுத்து வைக்கும்."

"எங்க பக்கமும் வைப்பாங்க. திரை நிரந்தரமா இருக்கட்டும்."

வீரகத்தி கையிலிருந்த கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். இருபத்தாறு வருச உத்தியோகத்தில் அவர் போட்ட ஒரு கட்டளையை வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. "பிள்ளை, மிசினிலை தாளைப் போடும்," என்றார்.

அருந்ததி தாளை ஏற்றினாள். "காரணம் ஒண்டு எழுத வேணும், அண்ணை. என்னெண்டு போட?"

யாகப்பு கொஞ்சம் யோசித்தார்.

"எங்கடை இரண்டு பகுதிக்கும் இடையிலை இருக்கிற நம்பிக்கை கெட்டுப்போகக் கூடாது எண்டு போடும், பிள்ளை."

"எங்க நம்பிக்கையையும் சேத்துக்கங்க," என்றாள் பேச்சியம்மா, திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.